தொழுவத்து நெடியும் வயலின் மஞ்சளும்

நாலு வருஷத்துக்கு முன், கார்த்திகை முதல் வாரம். தாராசுரத்தை ஒட்டி அரசலாற்றுப் பாசனத்தில் இருக்கும் என் ஆறு மா வயலில் பொன்மணி நட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. பச்சை பிடித்துத் தூர் கட்ட வேண்டிய பயிர், கீழ் இலையிலிருந்து வெளிறிக்கொண்டு வந்தது. வரப்பில் வந்து நின்ற பக்கத்து வயல் பெரியவர் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "என்ன மேனேஜர் சார், வயலுக்கு மஞ்ச நீராட்டா?"

சிரிக்கத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏக்கருக்கு 5 டன் எரு அடித்திருந்தேன். நாலு மாட்டுச் சாணம், வைக்கோல் கழிசல், வாழைச் சருகு எல்லாம் சேர்ந்த சொந்தக் குப்பை. அப்படியும் பயிர் பசியில் நின்றது.

இந்த இதழில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். அன்று சாயங்காலம் நான் அரை மூட்டை யூரியா வாங்கி வந்தேன். இரண்டு மாவுக்கு அதைத் தூவவும் செய்தேன். எங்கள் குழுவிடம் சொன்னேன். அந்த இரண்டு மாவுக்கு இயற்கை வேளாண்மைக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. முப்பது வருஷம் வங்கியில் மற்றவர் கணக்கைச் சரிபார்த்தவன் நான். என் வயலின் கணக்கு எங்கே உதைக்கிறது என்பது தெரியவில்லை.

வழி காட்டியவர் வேளாண்மைத் துறையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு நண்பர். ஒரு நாள் விடியற்காலை வந்தார். வயலுக்குப் போகும் வழியில் தொழுவத்துக்குள் நுழைந்தவர் உடனே வெளியே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சார், நீங்க யூரியா வாங்கக் கடைக்குப் போயிருக்கவே வேண்டாம். உங்க யூரியா இங்கேதான் ஆகாசத்துக்குப் போய்க்கிட்டிருக்கு" என்றார்.

தொழுவம் என்றால் நெடி அடிக்கும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். மூக்கைத் துளைத்துக் கண்ணைக் கரிக்கும் அந்த நெடிதான் அமோனியா. வயலுக்குச் சேர வேண்டிய தழைச்சத்து, காற்றாக மாறிப் போகிறபோது நமக்குக் கிடைக்கும் தகவல் அது ஒன்றுதான்.

மாட்டு மூத்திரத்தில் ஒரு மூட்டை

மாடு தின்னும் தீவனத்தில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி பாலாகவோ உடம்பாகவோ மாறுவதில்லை, வெளியே வந்துவிடுகிறது. அதில் பாதி அளவுக்கு மூத்திரத்தில் வருகிறது. சாணத்தில் இருப்பது பெரும்பாலும் மெதுவாகக் கரையும் சத்து. மூத்திரத்தில் இருப்பது யூரியா. கடையில் மூட்டையில் விற்கிற அதே யூரியா.

கணக்கைக் குறைத்தே போடுவோம். பகலில் மாடு வெளியே நிற்கிறது. தொழுவத்தில் நம் கைக்குக் கிடைப்பது 6 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டு மூத்திரத்தில் சுமார் 1 சதவீதம் தழைச்சத்து என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லும் கணக்கு. நாளுக்கு 60 கிராம். வருஷத்துக்கு 21.9 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் 46 சதவீதம், அதாவது 20.7 கிலோ தழைச்சத்து. ஆக, ஒரு மாட்டின் ராத்திரி மூத்திரம் வருஷத்துக்கு ஒரு மூட்டை யூரியா. என் தொழுவத்தில் நாலு மாடு. இரண்டு உம்பளச்சேரி, இரண்டு கலப்பினம். நாலு மூட்டைக்கு மேல் போகிறது.

"யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு. நாலு மூட்டைன்னா ஆயிரத்துச் சொச்சம். இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்று பெரியவர் கேட்டார். அரசு மானியத்தில் யூரியா வாங்குகிறவருக்கு அது சரி. நம்மைப் போன்றவர்கள் அந்த விலைக்குத் தழைச்சத்து வாங்க முடியாது. வேப்பம் புண்ணாக்கில் 5 சதவீதம் தழைச்சத்து. ஒரு கிலோ தழைச்சத்துக்கு 20 கிலோ புண்ணாக்கு வேண்டும். கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும் 600 ரூபாய். நாலு மாட்டு மூத்திரத்தில் உள்ள 87 கிலோவை அப்படி வாங்கினால் 52,000 ரூபாய்க்கு மேல். பாதியைக் காப்பாற்றினாலே 26,000. இயற்கை விவசாயிக்கு மாட்டு மூத்திரத்தைப் போல மலிவான தழைச்சத்து வேறு இல்லை. அதைத்தான் நான் சிமெண்டுத் தரை போட்டு, சாய்வு விட்டு, கழுவி வாய்க்காலில் விட்டுக்கொண்டிருந்தேன். தரையில் தங்கியது காற்றில் போனது.

எருவின் கதையும் அப்படித்தான். நல்ல மக்கிய தொழு எருவில் 0.5 சதவீதம் தழைச்சத்து என்பது பொதுவான கணக்கு. ஏக்கருக்கு 5 டன் என்றால் 25 கிலோ. சம்பா நெல்லுக்குச் சிபாரிசு 60 கிலோ. பயறு, தக்கைப்பூண்டு, மண்ணிலுள்ள உயிர்கள் எல்லாம் மீதியைத் தரும் என்று நம்பியிருந்தேன். ஆனால் என் எரு ஆறு மாதம் திறந்த மேடாக வெயிலிலும் மழையிலும் கிடந்தது. பிறகு வயலில் கும்பல் கும்பலாகக் கொட்டினோம். டிராக்டர் கிடைக்கப் பத்து நாள் ஆயிற்று. அதுவரை கும்பல்கள் வெயிலில் காய்ந்தன. 25 கிலோ என்பது என் நோட்டுப் புத்தகத்தில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

காற்றில் போவது எப்படி

மூத்திரத்தில் இருக்கும்போது யூரியா ஆவியாகாது. அதை உடைப்பதற்கு யூரியேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதி சாணத்தில் இருக்கிறது, மண்ணில் இருக்கிறது, அழுகும் செடி கொடியில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர் 1926ல் இதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். எதிலிருந்து என்றால், நம் ஊர்த் தம்பட்டை அவரையின் இனத்தைச் சேர்ந்த ஓர் அவரையிலிருந்து. முதன்முதலாகப் படிகமாக்கப்பட்ட நொதி அதுதான். அதற்காக 1946ல் நோபல் பரிசும் கிடைத்தது.

மூத்திரம் சாணத்தில் கலந்த சில மணி நேரத்திலேயே யூரியா உடையத் தொடங்குகிறது. அந்த இடம் காரமாகிறது. காரம் ஏற ஏற, கரைந்திருக்கும் அம்மோனியம் வாயுவாக மாறிக் கிளம்புகிறது. சாணமும் மூத்திரமும் தரையில் மிதிபட்டுக் குழம்பிக் கிடந்தால் இது வேகமாக நடக்கும். தனித்தனியே எடுத்தால் வேகம் குறையும்.

அமோனியாவை வெளியே இழுக்கும் திருடர்கள் நாலு பேர்: சூடு, காற்று, காரம், திறந்த மேல்பரப்பு. இந்த நாலும் ஒன்றாகச் சேர்வது நம் ஊர்ச் சித்திரை வெயிலில்தான். குளிர் நாட்டுப் புல்வெளியில் ஒரு வாரத்தில் போவது இங்கே ஓரிரு நாளில் போய்விடும். மேய்ச்சல் தரிசில் மாடு மூத்திரம் பெய்த இடத்தைக் கவனித்துப் பாருங்கள். நடுவில் புல் கருகியிருக்கும், சுற்றி ஒரு வட்டம் கரும்பச்சையாக இருக்கும். அந்தச் சின்ன இடத்தில் புல்லால் எடுத்துக்கொள்ள முடியாத அளவு சத்து ஒரே நேரத்தில் விழுகிறது. எடுத்தது போக மீதியில் ஒரு பங்கு காற்றுக்கு, ஒரு பங்கு நிலத்தடி நீருக்கு. மாடுகள் நிழலிலும் தண்ணீர்த் தொட்டி அருகிலும் கூடி நிற்பதால், மேய்ச்சல் நிலம் முழுவதும் தின்ற சத்து ஒரு மூலையில் குவிந்து வீணாகிறது.

யூரியா போடுகிறவர் வயலிலும் இதே கதைதான். தேங்கிய தண்ணீரில் யூரியாவைத் தூவினால், அந்தத் தண்ணீரில் உள்ள பாசி பகல் வெளிச்சத்தில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்கிறது. மதியத்துக்கு மேல் நீரின் கார அமில நிலை 9ஐத் தாண்டிவிடும். அந்த நேரத்தில் அமோனியா கிளம்பும். போட்டதில் பாதிவரை இப்படிப் போகலாம் என்று பிலிப்பைன்சில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2015லிருந்து யூரியா முழுக்க வேப்ப எண்ணெய் பூசி வருகிறது. அந்தப் பூச்சு அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுவதைத் தாமதப்படுத்தும், ஆவியாவதை நிறுத்தாது. கார்த்திகையில் நான் தூவிய அரை மூட்டையும் உச்சி வெயிலில், தேங்கிய தண்ணீரில்தான் தூவப்பட்டது. செய்த தப்பிலும் ஒரு தப்பு.

இந்த நாட்டில் வருஷத்துக்கு 350 லட்சம் டன்னுக்கு மேல் யூரியா போடுகிறோம். மாடும் உலகத்திலேயே அதிகம் வைத்திருப்பவர்களில் நாமும் உண்டு. செயற்கைக்கோளிலிருந்து உலகத்தின் அமோனியாவை அளந்தால் கங்கைச் சமவெளி மிக அடர்ந்த இடங்களில் ஒன்றாகத் தெரிகிறது. போன அமோனியா காணாமலும் போவதில்லை. புகையில் உள்ள அமிலங்களோடு சேர்ந்து நுண்தூசியாகி நம் நுரையீரலுக்குள் வருகிறது. மழையோடு இறங்கி, வேண்டாத இடத்தில் விழுகிறது.

நெதர்லாந்தில் இதைப் பார்த்தார்கள். மாட்டுச் சாணக் கரைசலை நிலத்தின் மேலே தெளிக்கக் கூடாது, மண்ணுக்குள்தான் செலுத்த வேண்டும் என்று 1990களிலேயே சட்டம் போட்டார்கள். அப்படியும் போதவில்லை. 2019 மே மாதம் அந்த நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றம் நைட்ரஜன் அனுமதித் திட்டத்தையே ரத்து செய்தது. அக்டோபரில் விவசாயிகள் டிராக்டர்களோடு தி ஹேக் நகரத்துச் சாலைகளை அடைத்தார்கள். அங்கே மாடு கூட்டம் கூட்டமாகப் பண்ணைக்குள் நிற்கிறது, இங்கே வீட்டுக்கு நாலு நிற்கிறது. ஆனாலும் நம் வீட்டுக் கசிவை நாமே அடைத்துவிட்டால், நாளைக்கு வேறொருவர் சட்டப் புத்தகத்தோடு வந்து சொல்ல வேண்டியிருக்காது.

ஆரத்திச் சோதனை

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும், அதுதான் ஆரத்தி. மஞ்சள் எந்தக் காரத்தைக் கண்டாலும் சிவக்கும். அமோனியாவும் காரம்தான். இதை வைத்து ஒரு சோதனை செய்யலாம். செலவு ஒன்றும் கிடையாது.

வெள்ளைத் துணியில் விரல் அகலத்துக்குக் கீற்றுகள் கிழித்து, மஞ்சள்பொடி கரைத்த தண்ணீரில் நனையுங்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியின் உள்பக்கம் அடியில் ஈரத்தோடு ஒரு கீற்றை ஒட்டி, தொழுவத்துத் தரையில் மூத்திரம் ஊறிய இடத்தில் வாளியைக் கவிழ்த்து வையுங்கள். அமோனியா கிளம்பிக்கொண்டிருந்தால் கீற்று பழுப்புச் சிவப்பாக மாறும். துணி ஈரமாக இருக்க வேண்டும். எடுத்து வெளிக்காற்றில் காட்டினால் மறுபடி மஞ்சளாகிவிடும், அதனால் உடனே பாருங்கள்.

என் தொழுவத்தில் முதல் நாள் விடியற்காலை வைத்தோம். மாடு பார்க்கிற அக்கா வாளியை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, "அய்யா, குங்குமமால்ல ஆயிருக்கு!" என்றார். பிறகு எருமேட்டில் வைத்தோம். கிளறிய இடத்தில் சிவந்தது, மேலே காய்ந்து கிடந்த இடத்தில் மாறவே இல்லை. அங்கே போவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று அர்த்தம். கோழி எரு மூட்டையைப் பிரித்து அதன் மேல் வைத்தபோதுதான் எல்லாவற்றையும்விடச் சீக்கிரம் சிவந்தது. நாமக்கல் பக்கத்திலிருந்து லாரியில் வரும் கோழி எருவை வரப்போரத்தில் பதினைந்து நாள் கொட்டி வைக்கிறவர்கள் இதை ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும்.

முன்னோர் கண்ட வழி

இது புதுச் சங்கதி இல்லை. ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் என்ற ஆங்கில வேளாண் வேதியியலாளர் 1889லிருந்து இந்தியா முழுக்கச் சுற்றிப் பார்த்து 1893ல் அறிக்கை கொடுத்தார். சாணம் விறகாக எரிவதையும், மாட்டு மூத்திரம் சேகரிக்கப்படாமல் வீணாவதையும் அதில் விரிவாக எழுதினார். இந்தூரில் 1924 முதல் 1931 வரை வேலை செய்த ஆல்பர்ட் ஹோவர்ட் அதற்கு வழி கண்டார். தொழுவத்துக்கு மண் தரை போட்டார். மூத்திரம் ஊறிய மண்ணை மூன்று, நான்கு மாதத்துக்கு ஒருமுறை வெட்டி எடுத்துக் கம்போஸ்டில் சேர்த்து, புது மண் நிரப்பினார். இந்தூர் முறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த மூத்திர மண்ணை விட்டுவிடுகிறார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ஆச்சார்யா 1939ல் உருவாக்கிய பெங்களூர் முறையில் குழியை நிரப்பிச் சேற்றால் மெழுகி மூடிவிடுவார்கள். கிளறுவதே இல்லை. தழைச்சத்து இழப்பு குறைகிறது.

நம் டெல்டாவில் கிடை கட்டுவதிலும் இந்த அறிவு உண்டு. உளுந்து, பயறு எடுத்த பிறகு இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வருகிறார்கள். கிடை பெயர்ந்த மறுநாளே ஏர் பூட்டிவிட வேண்டும் என்று எங்கள் அப்பா அடம் பிடிப்பார். அவருக்கு அமோனியா தெரியாது. "கிடை வாடை போறதுக்குள்ள மண்ணைப் புரட்டு" என்பார். இப்போது கிடைக்குக் கூலி கொடுத்துவிட்டு, கோடை மழை வரட்டும் என்று இருபது நாள் காத்திருக்கிறோம். நான் இப்போது வரிசையை மாற்றிவிட்டேன். முதலில் ஒரு சால் கோடை உழவு, அதற்குப் பிறகு கிடை. புழுதி மண்ணில் விழும் மூத்திரம் உள்ளே இறங்கிவிடும், களிமண் அம்மோனியத்தைப் பிடித்துக்கொள்ளும். கிடை நகர நகர மேலாக ஓர் உழவு போதும்.

நாங்கள் செய்தது

சிமெண்டுத் தரையை உடைக்கவில்லை. பணம் போட்டாயிற்று. அதன் மேலேயே சரி செய்தோம்.

சாயங்காலம் மாடு கட்டும் முன் தரையில் வயல் மண்ணும் வைக்கோல் கழிசலும் ஒரு சாண் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பரப்புகிறோம். தாராசுரம் காய்கறி மார்க்கெட்டிலிருந்து கிடைக்கும் காய்ந்த வாழையிலை, வைக்கோல் சிப்பத்தையும் சேர்க்கிறோம். பிளாஸ்டிக் பொறுக்குவதற்கு அரை மணி நேரம் ஆகிறது, அதைச் சொல்லிவிட வேண்டும். மாடு ஒன்றுக்கு இரண்டு கைப்பிடி ஜிப்சம் தூவுகிறோம். மூத்திரத்தில் பிறக்கும் அம்மோனியம் கார்பனேட் ஜிப்சத்தோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட்டாக மாறி நின்றுவிடும். அது எளிதில் ஆவியாகாது. ஜிப்சம் கனிமப் பொருள்; இயற்கை வேளாண்மைக்கு அனுமதிக்கப்பட்டது. என்றாலும் உங்கள் குழுவிடம் கேட்டுவிட்டுப் பயன்படுத்துங்கள்.

காலையில் ஊறிய குப்பையையும் சாணத்தையும் சேர்த்து அள்ளி எருக்குழியில் போடுகிறோம். குழி 20 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி ஆழம். மொத்தக் குழியிலும் பரப்புவது கிடையாது. ஒரு ஓரத்திலிருந்து ஒரு தடுப்பை நிரப்பி, தரைக்கு மேல் ஒன்றரை, இரண்டு அடி வந்ததும் கூம்பாக்கிச் சாணமும் மண்ணும் குழைத்து மெழுகிவிடுகிறோம். பிறகு அடுத்த தடுப்பு. மெழுகியதிலிருந்து நாலு, ஐந்து மாதத்தில் எரு தயார். மேலே கீற்றுக் கொட்டகை போட்டிருக்கிறோம், மழையில் சத்து கரைந்து ஓடக் கூடாது.

வைக்கோல் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். நுண்ணுயிருக்கு வைக்கோல் சோறு, மூத்திரம் குழம்பு. சோறு இல்லாமல் குழம்பை ஊற்றினால் இலையை விட்டு வழிந்தோடும். சோறு இருந்தால் பிசைந்து தின்று, தழைச்சத்தைத் தன் உடம்பில் வைத்துக்கொள்ளும்.

நாங்கள் நிறுத்தியவை மூன்று. ஒன்று, எருக்குழியில் அடுப்புச் சாம்பல் கொட்டுவது. காலங்காலமாக எல்லா வீட்டிலும் செய்கிறோம். சாம்பல் காரம், எருவில் விழுந்தால் அமோனியாவை விரட்டிவிடும். அது சாம்பல்சத்து தருவது உண்மைதான், அதைத் தனியே வைத்து நேராக வயலுக்கோ தோட்டத்துக்கோ கொண்டுபோகலாம். தொழுவத்தில் சுண்ணாம்பு தூவுவதற்கும் இதே பேச்சு. இரண்டு, கோமியத்தைத் திறந்த பீப்பாயில் வைப்பது. இப்போது மூடி உள்ள கேன். பாய்ச்சும்போது பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, சாயங்காலத்தில், தண்ணீரை வடித்த சேற்றில் விட்டு, மறுநாள் தண்ணீர் கட்டுகிறோம். மூன்று, எருவை வயலில் கும்பலாகக் காய விடுவது. டிராக்டர் வரும் நாள் உறுதியான பிறகுதான் வண்டி ஏறுகிறது. காலையில் இறைத்த எரு சாயங்காலத்துக்குள் மண்ணுக்குள் போயாக வேண்டும்.

நடவு முடிந்த பத்தாம் நாள் அசோலா விடுகிறோம். அசோலா தழைச்சத்து தரும் என்பது எல்லோருக்கும் தெரியும். அது தண்ணீரை மூடிக்கொண்டால் பாசிக்கு வெளிச்சம் கிடைக்காது, மதியத்தில் நீரின் காரம் ஏறாது, அமோனியா போவதும் குறையும். ஆவியாகிற பானைக்கு ஒரு மூடி போட்ட மாதிரி.

இப்போது

அற்புதம் எதுவும் நடக்கவில்லை. அந்த மஞ்சள் வருஷம் மாவுக்கு 7 மூட்டை கண்டது. யூரியா போட்ட இரண்டு மாவிலும் ஒரு மூட்டைதான் கூட வந்தது. போன சம்பாவில் மாவுக்கு 9 மூட்டை. பெரியவர் வயலில் இன்னமும் என்னைவிட மூன்று மூட்டை அதிகம். எருவோடு சேர்த்துத் தக்கைப்பூண்டும் மடக்கி உழுதேன், அதனால் எந்த மூட்டை எதிலிருந்து வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. புண்ணாக்கு வாங்குவது பாதியாகக் குறைந்தது என்பதை மட்டும் ரசீதைப் பார்த்துச் சொல்கிறேன். இரண்டு மாவின் கணக்கும் இந்த வருஷம் மறுபடி நேராகிவிட்டது.

வேலை கூடியிருக்கிறது என்பதையும் மறைக்கக் கூடாது. தினமும் மண் பரப்பி, ஊறியதை அள்ள, ஓர் ஆளுக்கு முக்கால் மணி நேரம் அதிகம். அக்காவுக்கு அதற்கான கூலியைக் கூட்டிக் கொடுக்கிறேன். கூலி போகவும் புண்ணாக்கில் மிச்சப்படுகிறது. ஒன்றிரண்டு மாடு வைத்து வீட்டு ஆட்களே பார்க்கிறவர்களுக்கு அந்த முக்கால் மணி நேரம் பெண்களின் தலையில் விழும். ஆண்கள் கூடை எடுக்கத் தயாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ரசாயன உரத்தைப் பற்றி நாம் மேடையில் பேசுகிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் நம் தொழுவத்தில் யூரியாவைக் காற்றில் விட்டுவிட்டு, கடை யூரியாவை மட்டும் குறை சொன்னால் வயல் நம்மை மன்னிக்காது. என் வயல் மன்னிக்கவில்லை.

போன மாதம் விடியற்காலை தொழுவத்துக்குள் பெரியவர் வந்தார். கண்ணைக் கசக்கவில்லை. மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "வாடை எங்க சார் போச்சு?" என்றார். குழியைக் காட்டினேன். மெழுகிய மேட்டைத் தட்டிப் பார்த்தார். அவர் வீட்டில் மூன்று மாடு. யூரியாவை அவர் விடப்போவதில்லை, நானும் அதைக் கேட்கவில்லை. போகும்போது, "அந்த மஞ்சத் துணி ரெண்டு கொடுங்க, எங்க கொட்டாய்ல வச்சுப் பாக்கறேன்" என்றார்.

நீங்களும் இன்று ராத்திரி ஒரு கீற்றை நனைத்து வையுங்கள். விடியற்காலை எழுந்ததும் முதல் வேலையாக வாளியை நிமிர்த்திப் பாருங்கள். சிவந்திருந்தால், வைக்கோல் போர் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.